செக் எஞ்சின் லைட் மின்னுகிறதா? எஞ்சின் மிஸ் அடிப்பதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

டாஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் படம் நிலையாக எரிவதும் மின்னி மின்னி எரிவதும் ஒன்றல்ல. நிலையாக எரிந்தால், ஏதோ ஒரு பிழையை எஞ்சின் கணினி குறித்து வைத்திருக்கிறது. வாகனம் வழமைபோல ஓடினால் ஓரிரு நாளில் காட்டலாம். மின்னினால், ஒரு சிலிண்டரிலோ பலவற்றிலோ பெற்றோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது, அதுவும் சைலன்சர் வரிசையில் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கெட்டலிட்டிக் கொன்வேட்டரைப் பழுதாக்கும் அளவுக்குப் போகிறது என்று அர்த்தம். இப்படிச் சிலிண்டர் எரியாமல் தவறுவதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம்.

எரியாத பெற்றோல் கொன்வேட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் அது உருகி அடைபடும். ஒரு பிளக்கின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கொன்வேட்டர் விலைக்கு ஏறுவது இப்படித்தான். மிஸ் அடித்தால் வழமையாக மாற்றும் பிளக், கொயில் விலையெல்லாம் கூட்டினாலும் பெரும்பாலும் ஒரு புதுக் கொன்வேட்டரின் விலைக்குக் கிட்ட வராது.

இந்த வழிகாட்டி கொழும்பில் நாம் அதிகம் ஓட்டும் பெற்றோல் வாகனங்களுக்கானது: வேகன் ஆர், விட்ஸ், அக்சியோ, ஃபிட், அக்வா, பிரியஸ் போன்றவை. டீசல் வாகனங்களில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது; அவற்றுக்கு வழி வேறு. நீங்களே ஸ்பானர் பிடிக்கப் போவதில்லை என்றாலும் பரவாயில்லை. கராஜில் என்ன கேட்பது, எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்று தெரிந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

1. முதலில் காலை எடுங்கள், பிறகு ஓரங்கட்டுங்கள்

லைட் மின்னத் தொடங்கியதும் அக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். ஏசியை நிறுத்துங்கள். எஞ்சினின் சுமை குறைந்தால் பல நேரம் மின்னுவது நின்று நிலையாக எரியும். அப்படி நின்றால், கிட்ட உள்ள பாதுகாப்பான இடம்வரை மெதுவாக ஓட்டலாம். காலைத் தளர்த்திய பிறகும் மின்னினால், இடப்பக்கம் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். "வெள்ளவத்தைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று காலி வீதி நெரிசலில் அரை மணி நேரம் உருட்டிக்கொண்டு போவதுதான் கொன்வேட்டரைக் கொல்லும். நெரிசலில் தூரம் குறைவு, ஆனால் எஞ்சின் ஓடும் நேரம் அதிகம்.

காய்ந்த புல், சருகு, கடதாசிக் குப்பை உள்ள இடத்தில் நிறுத்தாதீர்கள். கொன்வேட்டர் வாகனத்தின் அடியில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அது மிகவும் சூடாக இருக்கும்.

கட்டி இழுக்க வேண்டி வந்தால், வாகனத்தை மேலே ஏற்றிக்கொண்டு போகும் கெரியர் கூப்பிடுங்கள். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களையும் சிவிடி கியர் வாகனங்களையும் முன்சக்கரம் நிலத்தில் உருளக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. கியர் பெட்டியும் போய்விடும். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் வீதி உதவி சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, அந்த இலக்கத்தைத் தொலைபேசியில் சேமித்து வையுங்கள்.

சிவப்பு நிறத்தில் ஒயில் லைட்டோ சூட்டு லைட்டோ கூடவே எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே நிறுத்துங்கள். அது வேறு பழுது, இதைவிட அவசரம்.

2. அந்த இடத்திலேயே குறிப்பு எடுங்கள்

மெக்கானிக்குக்கு மிகவும் பயன்படும் தகவல் இந்த ஐந்து நிமிடத்தில் உங்களிடம் இருப்பதுதான். தொலைபேசியில் எழுதி வையுங்கள்:

எஞ்சின் குளிராக இருந்ததா, சூடாகி ஓடிக்கொண்டிருந்ததா? சிக்னலில் நின்றபோதா, ராஜகிரிய மேம்பாலத்தில் ஏறும்போது அழுத்தியதிலா? மழையா? தண்ணீர் நின்ற வீதியால் வந்தீர்களா? கடைசியாக எப்போது, எந்த செட்டில் பெற்றோல் அடித்தீர்கள்? அண்மையில் எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவினீர்களா? போன சர்வீஸில் எதைக் கழற்றினார்கள்?

இவற்றில் பாதி நேராகவே பழுதைக் காட்டும். பெற்றோல் அடித்து சில கிலோமீற்றருக்குள் எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து உதறினால், தாங்கிக்குள் தண்ணீர் கலந்த பெற்றோல் போயிருக்கலாம். ரசீதை எறியாதீர்கள். எஞ்சின் கழுவிய மறுநாள் மிஸ் அடித்தால், பிளக் இருக்கும் குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சூடான பிறகு மட்டும் மிஸ் அடித்து, ஆறியதும் சரியாகிவிட்டால், பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் கொயில் மீது சந்தேகம் போகும். இந்தக் கடைசி வகைதான் ஆட்களை அலைக்கழிப்பது. காலையில் கராஜுக்குக் கொண்டுபோனால் எஞ்சின் தாலாட்டுப் போல ஓடும், "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட வாகனத்தை நன்றாக ஓடிச் சூடான நிலையில், எஞ்சினை அணைக்காமல் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

வெள்ளத்துக்குள் ஓடி எஞ்சின் நின்றிருந்தால் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். முதலில் எயார் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் எஞ்சினைச் சுற்றவே கூடாது.

3. ஸ்கேன் பண்ணுங்கள், எதையும் அழிக்க விடாதீர்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் உள்ள சொக்கட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கோட், அதாவது பிழை இலக்கம், வரும். புளூடூத்தில் தொலைபேசியோடு இணையும் ஈஎல்எம் 327 வகைச் சிறு கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. புது வாகனங்களுக்கு அவை போதும். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து ரிகண்டிஷனாக வந்த பழைய வாகனங்கள் சிலவற்றோடு இந்தக் கருவிகள் பேசாது. அதற்குக் கருவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். கராஜில் உள்ள பெரிய ஸ்கேனரால் வாசிக்கலாம்.

இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு ஒன்று: ஸ்கேன் பண்ணுபவர் கோட்டைப் பார்த்தவுடன் அழித்துவிடுவார். லைட் அணையும், நீங்கள் மகிழ்ச்சியோடு காசு கொடுத்துவிட்டுப் போவீர்கள். ஆனால் கோட்டோடு கணினி சேமித்து வைத்த ஃபிரீஸ் ஃபிரேம் தரவும் சேர்ந்து அழிந்துவிடும். பழுது நடந்த கணத்தில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, வாகனம் என்ன வேகம், தண்ணீரின் சூடு எவ்வளவு, சுமை எவ்வளவு, பெற்றோல் திருத்தம் (கணினி பெற்றோலைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டும் அளவு) எத்தனை வீதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பற்றரி வயரைக் கழற்றி மாட்டினாலும் இதே கதைதான்.

ஆகவே ஸ்கேனர் செருகும் முன்னரே சொல்லிவிடுங்கள்: "கோட்டையும் ஃபிரீஸ் ஃபிரேமையும் படம் எடுத்த பிறகுதான் அழிக்க வேண்டும்." திரையைத் தொலைபேசியில் படம் எடுங்கள். ஸ்கேன் கட்டணம் வாங்குகிறார்கள் என்றால் அந்தப் படமும் உங்களுக்கு உரியது. இந்த வேலை முழுவதும் கால் மணி நேரம்.

4. கோட்டை எப்படிப் படிப்பது

பி 0301 என்றால் முதலாம் சிலிண்டரில் மிஸ். பி 0302 இரண்டாவது, பி 0303 மூன்றாவது, பி 0304 நான்காவது. கடைசி இலக்கமே சிலிண்டர் இலக்கம். டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். நம் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் அந்தப் பக்கம் உள்ளது முதலாம் சிலிண்டர்.

பி 0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் அல்ல, மாறி மாறிப் பலவற்றில். இது தனியே வந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: பெற்றோல் அழுத்தம், காற்று ஒழுக்கு, கெட்ட பெற்றோல், ஒரே வயதான பிளக்குகள். பி 0300 உம் பி 0302 உம் சேர்ந்து வந்தால் 0302 ஐ முதலில் பாருங்கள்.

கூட வரும் கோட்டும் முக்கியம். பி 0351 முதல் பி 0354 வரை என்றால் கொயிலின் மின்சுற்றில் கோளாறு. பி 0201 முதல் பி 0204 வரை என்றால் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் மின்சுற்று. பி 0171 என்றால் காற்று கூடி, பெற்றோல் குறைந்த கலவை. பி 0335, பி 0340 கிராங்க், கேம் சென்சர்கள். பி 0016 வந்தால் டைமிங் செயின் இழுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிலையில் பிளக் மாற்றி ஒரு பயனும் இல்லை.

பி 0420 கூடவே இருந்தால் கொன்வேட்டரின் வேலைத்திறன் குறைந்துவிட்டது என்று கணினி சொல்கிறது. ஆனால் மிஸ் அடிக்கும் எஞ்சினில் அந்தக் கோட்டை நம்பி கொன்வேட்டர் மாற்றாதீர்கள். மிஸ்ஸைத் திருத்தி, கோட்டை அழித்து, சில நாள் ஓடிய பிறகும் அது திரும்ப வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிஸ் அடிப்பதைக் கணினி நேராகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் வேகம் எடுக்கும். அந்த உந்தல் எந்த இடத்தில் வரவில்லை என்று சென்சர் வழியாகக் கணக்கிடுகிறது. ஆகவே "பி 0302" என்பது "இரண்டாவது சிலிண்டர் உந்தவில்லை" என்பது மட்டுமே. பிளக்கா, கொயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்று அது சொல்லாது. "கோட்டில் கொயில் என்று வந்திருக்கிறது" என யாராவது பி 0302 ஐக் காட்டிச் சொன்னால் அவர் ஊகித்துத்தான் சொல்கிறார்.

5. சாமான் வாங்காமல் இடம் மாற்றிப் பாருங்கள்

முழு வழிகாட்டியிலும் மிகவும் பெறுமதியான படி இது. ஒரு சதமும் செலவில்லை, அரை மணி நேரம் போதும், 10 மில்லிமீற்றர் ஸ்பானர் ஒன்று வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி ஆற விடுங்கள். ஹைபிரிட் என்றால் பவர் பட்டனை அணைத்து, ரெடி லைட் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள்; ரெடியில் இருந்தால் எஞ்சின் எந்த நேரமும் தானே ஸ்டார்ட் ஆகும். ஓரேஞ்ச் நிற வயர்களைத் தொடவே வேண்டாம்.

கோட் பி 0302 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சிலிண்டரின் கொயிலைக் கழற்றி மூன்றாவதில் பூட்டுங்கள். மூன்றாவதில் இருந்ததை இரண்டாவதில் பூட்டுங்கள். கனெக்டரின் பூட்டுத் துண்டு வருடக்கணக்கான சூட்டில் காய்ந்து இறுகியிருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் படீரென்று உடையும். விரலால் அழுத்தி, மெதுவாக முன்பின் ஆட்டி எடுங்கள். இப்போது கோட்டை அழித்து, ஸ்டார்ட் பண்ணி, முன்பு மிஸ் அடித்த அதே நிலைமைக்குக் கொண்டுபோங்கள். கோட் பி 0303 ஆக மாறினால் கொயில்தான் பழுது, தேடல் முடிந்தது. பி 0302 ஆகவே வந்தால் கொயில் நல்லது.

அடுத்து பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள். பிறகு இன்ஜெக்டர். இரண்டையும் ஒரே தடவையில் மாற்றாதீர்கள். மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ் எண்ணிக்கையை நேரடியாகக் காட்டும் பக்கம் இருந்தால், கோட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்தச் சிலிண்டரின் எண் ஏறுகிறது என்று இரண்டு மூன்று நிமிடத்தில் தெரியும்.

பழைய முறை ஒன்று இன்னும் நடக்கிறது: எஞ்சின் ஓடும்போதே கொயில் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லை என்று பார்ப்பது. அனுமதிக்காதீர்கள். கொயிலைக் கழற்றினாலும் இன்ஜெக்டர் பெற்றோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும், அத்தனையும் கொன்வேட்டருக்குள்தான் போகும். அப்படிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.

பழைய ஃபிட்டின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டு கொயில். மொத்தம் எட்டு. பின்வரிசை நான்கும் கை எட்டாத இடத்தில் இருப்பதால் முன்வரிசையை மட்டும் மாற்றிவிட்டு "பிளக் எல்லாம் புதுசு" என்று சொல்லும் பழக்கம் உண்டு. அந்த வாகனம் உங்களிடம் இருந்தால் எட்டுப் பழைய பிளக்குகளையும் கையில் கேட்டு வாங்குங்கள்.

6. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரை உரிந்து வரும், பிறகு அது தனிச் செலவு. கொயிலை எடுத்ததும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் மணல் சிலிண்டருக்குள் விழும். பெரும்பாலானவற்றுக்கு 16 மில்லிமீற்றர் பிளக் சொக்கட், சில புது எஞ்சின்களுக்கு மெல்லிய சுவருள்ள 14.

கழற்றியவற்றைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் அடுக்கி வையுங்கள். தனித்தனியே பார்ப்பதைவிடப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை அல்லது பெற்றோல் கூடுதலாகப் போகிறது. பெற்றோலில் நனைந்து மணத்தால் ஸ்பார்க் விழவில்லை. கறுத்த ஒயில் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஒயில் போகிறது. மற்றவை அழுக்காக இருக்க ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல வெளுத்திருந்தால் கவனம்: ரேடியேட்டர் தண்ணீர் அந்தச் சிலிண்டருக்குள் கசிகிறது, ஹெட் கஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை போல நெடுக்கே ஒரு கறுப்புக் கோடு இருந்தால் மின்சாரம் நுனிக்குப் போகாமல் வெளிப்பக்கமாக ஓடியிருக்கிறது. கொயிலின் ரப்பர் உறையின் (பூட்) உட்பக்கத்திலும் அதே இடத்தில் ஒரு தடம் தெரியும். புதுப் பிளக்கை மட்டும் மாற்றி அந்தப் பழைய உறையையே மாட்டினால், மின்சாரம் தெரிந்த பாதையிலேயே திரும்ப ஓடி, சில கிழமைகளில் அதே பழுது வரும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். உறை தனியாகக் கிடைத்தால் முழுக் கொயில் தேவையில்லை.

குழிக்குள் ஒயில் தேங்கியிருந்தால் டப்பட் கவர் கஸ்கட்டும் பிளக் குழாய் சீல்களும் பழுது. அதைத் திருத்தாமல் போடும் புதுக் கொயிலின் ரப்பரும் ஒயிலில் ஊறி வீங்கிப் போகும்.

சில வாகனங்களில் மிஸ் அடிக்கும் சிலிண்டருக்குக் கணினி தானே பெற்றோலை நிறுத்திவிடும், கொன்வேட்டரைக் காப்பாற்ற. அப்போது பிளக் காய்ந்தே இருக்கும். "நனையவில்லை, ஆகவே இன்ஜெக்டர்" என்று அவசரப்பட வேண்டாம்.

பூட்டும்போது முதலில் கையாலேயே முறுக்குங்கள். தொடக்கத்திலேயே இறுக்கமாக இருந்தால் மரை பிசகுகிறது, திருப்பி எடுங்கள். 14 மில்லிமீற்றர் மரைக்குப் பொதுவாக 18 முதல் 25 நியூட்டன் மீற்றர். உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவைக் கையேட்டில் பாருங்கள். டோர்க் ஸ்பானர் இல்லையென்றால், வாஷர் உள்ள புதுப் பிளக் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று. மரையில் ஒயிலோ கிறீஸோ பூசாதீர்கள். பூசினால் அதே முறுக்கில் அளவுக்கு மீறி இறுகும்.

7. பிளக்கும் கொயிலும் நல்லது என்றால்

இங்கே ஃபிரீஸ் ஃபிரேமில் எடுத்த படம் உதவும். ஷோர்ட் டேர்ம், லோங் டேர்ம் என இரண்டு பெற்றோல் திருத்த வீதங்கள் இருக்கும், இரண்டையும் கூட்டுங்கள். கூட்டல் 10 வீதத்துக்குள், கூடுதலாகவோ குறைவாகவோ, இருந்தால் பிரச்சினையில்லை. பிறகு எஞ்சின் ஓடும்போது ஸ்கேனரில் பாருங்கள். வாகனம் நிற்கும்போது 10ஐத் தாண்டி ஏறி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இறங்கினால், எங்கேயோ காற்று உறிஞ்சுகிறது: வெடித்த வெக்கியூம் குழாய், இன்டேக் கஸ்கட், பிசிவி குழாய். மாறாக, ஆர்பிஎம் ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் பெற்றோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கேறிய எயார் ஃப்ளோ சென்சர்.

குழாய்களின் முனைகளை வளைத்துப் பாருங்கள். கொழும்புச் சூட்டில் ரப்பர் மேலே நன்றாகத் தெரிந்தாலும் மடிப்புக்குள் வெடித்திருக்கும். கிளீனர் ஸ்பிரே அடித்து ஒழுக்கைத் தேடுவார்கள். சூடான எக்சோஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். புகை விட்டுப் பார்க்கும் கருவி உள்ள கராஜ் என்றால் அதையே கேளுங்கள்.

இன்ஜெக்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை அதில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் டிக் டிக் சத்தம் சீராகக் கேட்க வேண்டும். சாதாரண வகை இன்ஜெக்டரின் தடை மல்டிமீற்றரில் ஏறத்தாழ 11 முதல் 16 ஓம் காட்டும். மற்றவற்றிலிருந்து ஒன்று மட்டும் விலகினால் அதுதான். சத்தமும் தடையும் சரியாக இருந்தும் சந்தேகம் இருந்தால், கழற்றி அல்ட்ராசொனிக்கில் கழுவி, தெளிக்கும் அளவை மேசையில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும் இடத்தில் கொடுங்கள். தாங்கிக்குள் ஊற்றும் போத்தல் மருந்து அடைபட்ட இன்ஜெக்டரை ஒரே நாளில் திருத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

30 வகை (மூன்றாம் தலைமுறை) பிரியஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில வினாடி பயங்கரமாக உதறி, பிறகு சரியாகிவிட்டால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். எரிந்த புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குள் திருப்பி விடும் ஈஜிஆரின் குளிரூட்டியும் இன்டேக் வழிகளும் கரியால் அடைபடுவதும், ஹெட் கஸ்கட் கசிவதும் அந்த எஞ்சினில் தெரிந்த வியாதிகள். தண்ணீர்ப் போத்தலில் மட்டம் குறைகிறதா என்று கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள். குறைந்துகொண்டே போனால், பிளக் மாற்றி நாள் கடத்த வேண்டாம்.

8. கொம்பிரஷன் பார்ப்பது

ஸ்பார்க், பெற்றோல், காற்று மூன்றும் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் மிஸ் அடித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் (கொம்பிரஷன்) அளக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. எல்லாப் பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர்களை நிறுத்தி, அக்சிலரேட்டரை முழுதாக அழுத்திச் சுற்ற வேண்டும். பற்றரி நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமே பேசும். ஒன்று மற்றவற்றைவிட 15 வீதத்துக்கு மேல் குறைந்தால் கவலை. அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளந்தால்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கஸ்கட். ஹைபிரிட்களில் எஞ்சினைச் சுற்றும் முறையே வேறு என்பதால், அதைச் செய்யத் தெரிந்த இடத்துக்கே கொண்டுபோங்கள்.

இந்த அளவீட்டைக் காகிதத்தில் எழுதி வாங்காமல் "எஞ்சின் இறக்க வேண்டும்" என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

9. சாமான் வாங்குவது

வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும் முன் வாகனத்தின் முழு சேசிஸ் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்திலும் இருக்கும், எஞ்சின் அறைத் தகட்டிலும் இருக்கும். "விட்ஸுக்குக் கொயில்" என்று கேட்டால் கடைக்காரர் எதைத் தருவார்? ஒரே பெயரில் எத்தனையோ எஞ்சின்கள். சேசிஸ் இலக்கத்தை வைத்துச் சரியான சாமான் இலக்கத்தை எடுக்கலாம். பழைய கொயிலையும் கையில் கொண்டுபோங்கள். கனெக்டரின் வடிவம், முனைகளின் எண்ணிக்கை, தண்டின் நீளம் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

போலிப் பிளக்குகள் நிறைய. உண்மையான இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசி போல மெல்லியது, 0.4 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை. பெட்டியில் இரிடியம் என்று அச்சடித்து உள்ளே தடித்த முனை இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பீங்கானில் எழுத்து மங்கியிருப்பதும், விரலால் தேய்த்தால் அழிவதும், நான்கு பிளக்கின் முனைகள் நான்கு விதமாக நிற்பதும் மோசமான அறிகுறிகள்.

கழற்றி வந்த யப்பான் கொயில் வாங்குவதில் தவறில்லை, மலிவுக்குப் பெயர் தெரியாத புதுக் கொயில் வாங்குவதைவிட அது பல நேரம் நல்லது. ஆனால் பழுது சூடான பிறகே தெரியும் சாமான் என்பதால், குறைந்தது ஒரு கிழமைக்குள் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

இரிடியம் பிளக் என்றால் சுமார் 100,000 கிலோமீற்றர், சாதாரண நிக்கல் பிளக் என்றால் சுமார் 20,000 கிலோமீற்றர் என்பது பொதுக் கணக்கு. நெரிசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும் நேரம் கிலோமீற்றரில் ஏறாது. கொழும்புக்குள் மட்டும் ஓடும் வாகனத்துக்கு அதைவிட முந்தியே பாருங்கள். பிளக் மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். கொயிலை அப்படி மாற்ற வேண்டியதில்லை; பழுதானதை மட்டும் மாற்றினால் போதும், மற்றவற்றுக்கும் அதே வயது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை டொலரோடும் வரியோடும் ஏறி இறங்குகிறது. போன மாதம் நண்பர் கொடுத்த விலையை நம்பாமல், ஒரே நாளில் மூன்று கடையில் அதே சாமான் இலக்கத்துக்கு விலை கேளுங்கள்.

10. கராஜில் எப்படிப் பேசுவது

கட்டணத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: ஸ்கேன், கண்டுபிடிக்கும் வேலை, மாற்றும் வேலை. பிரிக்காமல் சொன்னால், கண்டுபிடிக்கும் வேலைக்குப் பதில் உங்கள் காசில் சாமான் மாற்றிப் பார்க்கும் வேலைதான் நடக்கும். முதலில் பிளக், பிறகு நான்கு கொயில், பிறகு இன்ஜெக்டர் என்று ஏறி, பழுது ஒரு வெடித்த குழாயில் இருக்கும். "இடம் மாற்றிப் பார்த்தீர்களா, கோட் கூட நகர்ந்ததா?" என்ற ஒரே கேள்வி பல விடயங்களைத் தீர்க்கும். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

பிளக் மாற்ற அரை மணி முதல் ஒரு மணி நேரம். இன்டேக்கைக் கழற்றித்தான் பிளக்கை அடைய முடியும் என்றால் இரண்டு மூன்று மணி நேரம். ஹெட் கஸ்கட் என்றால் ஹெட்டை மெஷின் பண்ண அனுப்பும் நாளும் சேரும். கிழமைக் கணக்கில் வாகனம் இல்லாமல் இருக்க ஆயத்தமாகுங்கள்.

அடைபட்ட கொன்வேட்டரின் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பூட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களுக்குச் சம்மதிக்காதீர்கள். வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அங்கே ஹைட்ரோகார்பனும் காபன் மொனொக்சைட்டும் அளக்கப்படும். கொன்வேட்டரின் உள்ளிருக்கும் விலையுயர்ந்த உலோகங்களுக்கு வெளியே நல்ல விலை இருப்பதையும் மறக்காதீர்கள். எதைக் கழற்றினாலும் பழையதைக் கையில் கேளுங்கள்.

மிஸ் அடிக்கும் வாகனத்தை அந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதும் வீண். எரியாத பெற்றோல்தான் ஹைட்ரோகார்பனாகக் காட்டும். அனுமதிப்பத்திரத் திகதி நெருங்கினால் அதற்கு இரண்டு மூன்று கிழமை முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

11. திருத்திய பிறகு

படங்கள் கையில் இருப்பதால், இப்போது கோட்டைக் கடைசியாக அழிக்கும் நேரம். அழித்துவிட்டு, பழுது தெரிந்த அதே நிலைமையில் ஓட்டிப் பாருங்கள். நெரிசலில் சூடாகி மிஸ் அடித்தது என்றால் ஏசியோடு பின்னேர நெரிசலில். சுமையில் அடித்தது என்றால் மேம்பாலம் ஏறி. கொழும்பு தட்டையான ஊர். இங்கே நன்றாக ஓடிய வாகனம் கடுகண்ணாவை ஏற்றத்தில் திரும்ப மின்னத் தொடங்குவது உண்டு, ஆகவே தூரப் பயணத்துக்கு முதல்நாள் திருத்திவிட்டுப் புறப்படாதீர்கள். சில நாள் இடைவெளி விடுங்கள்.

பெற்றோல் திருத்த வீதங்களைத் திரும்பப் பார்த்து, முந்திய படத்தோடு ஒப்பிடுங்கள். லைட் அணைந்திருந்தாலும் வீதம் இறங்கவில்லை என்றால் வேறொன்று மிச்சம் இருக்கிறது.

கடைசியாக ஒயில் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். நெடுநாள் மிஸ் அடித்த எஞ்சினில் எரியாத பெற்றோல் ரிங்குகள் வழியே இறங்கி ஒயிலில் கலந்திருக்கும். மட்டம் கூடியிருக்கும், பெற்றோல் மணக்கும், விரலில் தண்ணீர் போல ஓடும். அப்படியானால் சர்வீஸ் கிலோமீற்றர் வரும்வரை காத்திருக்காமல் ஒயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள்.